கீழ் லயம் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும்

பெரியம்மா சிலோனை விட்டுப் போனது 1973இல். திரும்பி வந்தது 2018 ஏப்ரல் மாதம். கூட அண்ணன், அண்ணி, அவங்களோட ஒன்பது வயசு மகள். அண்ணன் மூணு வயசுப் பிள்ளையாகக் கப்பல் ஏறியவர். நான் பிறந்ததே அவங்க போன அடுத்த வருசம்தான். அதனால் சொந்தப் பெரியம்மாவை நான் முதன்முதலாகப் பார்த்தது கட்டுநாயக்க விமான நிலையத்து வாசலில், என்னுடைய நாற்பத்து நாலாவது வயதில். என் அம்மா இருந்திருந்தால் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்திருக்கும். அது 2011இலேயே செத்துப் போச்சு.

இந்தப் பிரிவு எங்கள் வீட்டில் நடந்த சண்டையால் வந்ததில்லை. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டைத் தட்டிப் பார்த்துத்தான் பேரம் பேசுவான். எங்களைப் பார்க்காமலே பேசி முடித்தார்கள். பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார், என் அப்பா இலங்கைக்கு எழுதிப் போட்டார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அக்காளும் தங்கச்சியும் இரண்டு நாட்டுக்காரிகள் ஆனார்கள்.

வந்தவர்கள் ஆளுக்கொரு முதுகுப்பையோடு வந்தார்கள். பத்து நாள் லீவு. காசு அளவு. பஸ்ஸிலும் கோச்சியிலும்தான் சுற்றுவது என்று பேச்சு. அண்ணியின் போனில் நுவரெலியா, எல்ல ஒன்பது வளைவுப் பாலம், கடற்கரை என்று படங்கள் இருந்தன. பாப்பாவுக்கு யானை பார்க்கணும். பெரியம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. "போன வழியாவே நான் திரும்பி வரணும். தலைமன்னார்ல இருந்து தோட்டத்துக்கு வரணும்."

அண்ணன் வந்தது வேறு வேலையாக. அவர் பையில், துணிக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஃபைல் இருந்தது. பழைய பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் அதில்.

"பாப்பாவுக்கு சாதிச் சர்டிபிகேட் வாங்கணும் தங்கச்சி. அதுக்கு இங்க எதாச்சும் கெடைக்குமான்னு பாக்கத்தான் வந்தேன்."

நாங்கள் பறையர். இதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னால் அதுதான் டான்டீ ஆனது. பெரியம்மா அப்படி ஒரு தோட்டத்தில் வேலையில் இருந்து விலகும்வரை கொழுந்து எடுத்தாங்க. இங்கே இருந்தவரை இந்தியாக்காரி. அங்கே போனதும் சிலோன்காரி. அண்ணன் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறார். பள்ளிக்கூடத்தில் மகளுக்கு சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அண்ணன் போன ஆபீசில் உட்கார்ந்திருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "1950லே உங்க குடும்பம் எங்க இருந்துச்சு?"

பட்டியல் சாதிகளைப் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்த வருசம் அது. அந்த வருசம் எங்கள் தாத்தா தலவாக்கலைப் பக்கத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். "அப்படின்னா பூர்வீக ஊருக்குப் போயி எழுதி வாங்கிட்டு வா" என்று அனுப்பியிருக்கிறார்கள். துறையூர்ப் பக்கம் ஒரு ஊர் என்று தாத்தா சொன்ன ஞாபகத்தை வைத்துக்கொண்டு அண்ணன் போனார். அந்தச் சேரிக் கிழவர் ஒருத்தர், "கண்டிச் சீமைக்குப் போன குடும்பம் எத்தனையோ இருக்குப்பா. யாரு என்னன்னு எப்படிச் சொல்றது" என்று கைவிரித்துவிட்டார். தப்பு அவருடையதில்லை. போனவன் திரும்பி வராத ஊரில் யார்தான் கணக்கு வைத்திருப்பார்?

நான் என் பிறப்புச் சான்றிதழை எடுத்து அண்ணனிடம் காட்டினேன். இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருந்தது. சாதிக்கு அதில் கட்டமே கிடையாது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடுத்து வச்சவ நீ" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "தோட்டத்துக்கு வாங்கண்ணே, காட்டுறேன்" என்றேன்.

கொழும்பு கோட்டையில் கோச்சி ஏறினோம். தலைமன்னார் பாதை யுத்தத்தில் 1990இல் அறுந்து, 2015இல்தான் மறுபடி கடைசிவரை ஓடத் தொடங்கியது. இறங்குதுறையில் இப்போது கப்பல் இல்லை. துருப்பிடித்த இரும்பும் மரக்கட்டைகளும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றாங்க.

"பாட்டி, இங்க இருந்து இந்தியா தெரியுமா?"

"தெரியாது கண்ணு. ஆனா முப்பது கிலோமீட்டருகூட இருக்காது தனுஷ்கோடிக்கு."

"அவ்ளோ கிட்டயா? அப்புறம் ஏன் நாம ஏரோப்ளேன்ல வந்தோம்?"

"கப்பலத்தான் நிறுத்திப்புட்டானுங்களே."

"நீ போறப்போ அழுதியா?"

"அழுகையெல்லாம் அட்டன் டேசன்லயே தீந்து போச்சு. இங்க வந்து சேர்றப்போ பசிதான் இருந்துச்சு."

ஆட்களை ஏற்றிப்போன அந்த ரயிலுக்கு மலைநாட்டில் 'அழுகைக் கோச்சி' என்றே பேர். ஏறுகிறவனும் அழுவான், ஏற்றிவிடுகிறவனும் அழுவான். பசி என்று பெரியம்மா சொன்னதும் சும்மா இல்லை. 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். ரொட்டி மாவுக்கு அலைந்து, கீரையும் கிழங்கும் தின்று, செத்தவர்கள் செத்தார்கள்.

எங்களுடைய சனம் இந்த மண்ணில் கால் வைத்ததும் இந்தக் கரைப் பக்கம்தான். 1820களில் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கங்காணிகள் கூட்டி வந்தார்கள். நிலம் வைத்திருந்தவன் எவனும் கப்பல் ஏறவில்லை. ஏறியவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். தோணியில் வந்து இறங்கி, மன்னார்க் காடு வழியாக மாத்தளைவரை கால்நடை. வழியில் வாந்திபேதி. விழுந்தவனை விட்டுவிட்டு மற்றவன் நடந்தான். பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் 1914இல் வந்த பிறகு எங்கள் ஆட்கள் இந்த வழியில் உட்கார்ந்து வந்தார்கள்.

மன்னாரில் பாப்பாவுக்குக் கழுதைகள் பிடித்துப் போயின. அங்கே தெருவெல்லாம் கழுதை. பெருக்க மரத்தைக் காட்டினோம். அரபு வியாபாரிகள் கொண்டுவந்த மரம் என்று சொல்வார்கள். நாலு பேர் கைகோத்தும் கட்டிப் பிடிக்க முடியவில்லை. ராத்திரி தங்கின வீட்டில் சாப்பாடு போட்ட அம்மா நல்லவராகத்தான் பேசினார். "நீங்கள் எவடம்?" என்று கேட்டார். தலவாக்கலைப் பக்கம் என்றேன். "ஓ, தோட்டப் பக்க ஆக்களோ" என்றார். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. அண்ணி என்னைப் பார்த்தாங்க. அவங்களுக்கும் புரிந்துவிட்டது. தமிழன் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்குள் எத்தனை படிக்கட்டு என்று ஏறினவனுக்குத் தெரியாது, கீழே நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

மன்னாரில் இருந்து மதவாச்சிக்கு சிவப்பு பஸ். அங்கிருந்து அநுராதபுரம், தம்புள்ளை. சூட்டில் பஸ்ஸின் தகரம் கொதித்தது. பாப்பா என் மடியில் தூங்கினாள். பெரியம்மா மட்டும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாங்க. காடு, குளம், வயல், மறுபடி காடு. "இதையா நடந்தாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாங்க.

சீகிரியாவில் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு ஒரு விலை. பாஸ்போர்ட்டைப் பார்த்தால் பெரியம்மா வெளிநாட்டார். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் பிள்ளை பெற்று, பத்து வயசில் இருந்து இங்கே கொழுந்து எடுத்தவங்க. நாலு பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அண்ணன் பின்வாங்கினார். குன்றைத் தூர நின்று பார்த்தோம். "கல்லுதானே" என்றாங்க பெரியம்மா. பாப்பாவுக்கு யானை மட்டும் காசில்லாமல் கிடைத்தது. ரோட்டோரத்தில் ஒன்று தானாக நின்றுகொண்டிருந்தது.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் வாசலில் இறங்கினோம். கால்நடையாக வந்த சனம் மூச்சு விட்ட ஊர் இது. இங்கிருந்துதான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள். இப்போது கோபுரம் பெரிது, வெளிநாட்டார் வந்து படம் எடுக்கிறார்கள். 'காட்டைத் திருத்தியவன் யார்' என்று எந்தப் படத்தின் அடியிலும் எழுதுவதில்லை. கண்டியில் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்துக்கும் போனோம். பழைய இயந்திரங்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி அங்கே தெரிந்துகொள்ளலாம். பாப்பா கேட்டாள், "அவரு ஒருத்தரே பத்தொம்பது ஏக்கரும் நட்டாரா அத்தை?" நான் பதினெட்டு வருசமாகப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என் பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி இது.

கண்டியில் இருந்து மலைக்கோச்சி. அந்தப் பெட்டி முழுக்க முதுகுப்பைக்காரர்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். பெரியம்மா இறங்கும்போது தன் பையைத் தோளில் மாட்டவில்லை. பட்டியைத் தலையில் கொடுத்து, கொழுந்துக் கூடை மாதிரி முதுகில் இறக்கிவிட்டு நடந்தாங்க. ஒரு பெண் ஓடிவந்து படம் எடுக்கக் கேட்டாள். "எடுத்துக்கோ தாயி, காசா பணமா" என்று நின்றாங்க. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது அந்தப் பிள்ளைகளுக்கு இளவயசுச் சந்தோசம். அதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பொம்பளைகள் பாரம் சுமந்து மேடு ஏறியது ஊர் பார்க்க இல்லை. அந்த ஏப்ரலில் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தால் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். அதே மலையில் சில துரை பங்களாக்கள் விருந்தினர் விடுதியாகிவிட்டன. அங்கே ஒரு ராத்திரி தங்கும் வாடகைக்கு அவள் பல மாசம் மலை ஏறணும்.

தோட்டத்தில் இறங்கியதும் பெரியம்மாவுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. மேலே பெரியாங்கங்காணி வீடு இருந்த இடம். அதற்குக் கீழே குடியானவர் லயம். அதற்கும் கீழே, ஆற்றோரம், எங்களுடைய லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. தகரம் மாறியிருக்கிறது, சுவர் மாறவில்லை. "பீலிக்கரையில அவங்க புடிச்சு முடிச்சப்புறம்தான் நாங்க கொடத்த வைக்கணும். கங்காணி வீட்டுல தேத்தண்ணி சிரட்டையிலதான்" என்று பேத்தியிடம் சொன்னாங்க. விடியக்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பத் தப்படித்தது எங்கள் தாத்தாவின் தம்பி. திருவிழாவுக்கு அடித்ததும் அவர்தான். ஆனால் சாமி தூக்க அவரைக் கூப்பிட்டதில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பையன், படித்த பையன், "இப்ப அதெல்லாம் இல்ல பாட்டி. நாங்க எல்லாம் மலையகத் தமிழர்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஓட்டும் பிரஜாவுரிமையும் இல்லாமல் கிடந்த சனம் ஒரு பேரின் கீழே நின்றுதான் அதை வாங்கியது. அந்தப் பேரை நானும் விடமாட்டேன். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த பென்சன்காரத் தாத்தா சிரித்தார். "மலையகத் தமிழர்தான் தம்பி. மேல் லயத்துல பொண்ணு கேட்டுப் பாரேன்." பையன் பேசாமல் போனான்.

மறுநாள் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். பெரிய கிளாக்கர் மரியாதையாக உட்காரச் சொன்னார். தோட்டங்களை 1975இல் அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. கை மாறி மாறி, பழைய செக்ரோல் புத்தகமெல்லாம் கரையானுக்குப் போய்விட்டது என்றார். இன்னார் 1973வரை இங்கே வேலை செய்தார் என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றார்.

"எங்க சாதியையும் எழுதிக் குடுங்க ஐயா."

"அதெல்லாம் நாங்க எழுத ஏலாது. இலங்கையில அப்படி ஒரு பதிவே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க எந்த லயம்?"

"ஆத்தோரக் கீழ் லயம்."

"ஆ... வெளங்குது" என்றார். எங்களுக்கென்று வரவழைத்த தேத்தண்ணி அதற்குப் பிறகு வரவேயில்லை.

வெளியே வந்ததும் பாப்பா கேட்டாள்: "அத்தை, அந்த மாமாவுக்குத் தெரியும்தானே? தெரிஞ்சும் ஏன் எழுத மாட்டேங்குறாரு?"

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 1948இல் சிலோன் அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டம் போட்டபோது, உன் அப்பன் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் கொண்டு வா என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு எத்தனை பேர் பதிந்து வைத்தார்கள்? பத்திரம் இல்லாததால் நாடு இல்லாமல் போனோம். எழுபது வருசம் கழித்து அந்தக் கரையில், நீ பறையன் என்பதற்குப் பத்திரம் கொண்டு வா என்கிறார்கள். பீலிக்கரையில் பத்திரம் கேட்டு யாரும் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. சிரட்டையில் ஊற்றும்போது சான்றிதழ் கேட்டதில்லை. இழிவு செய்ய எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு உரிமையைக் கொடுக்க வேண்டி வந்தால் மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

சாதியை எழுதாமல் விட்டால் சாதி போய்விடும் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் அது எழுதாமலே இருநூறு வருசம் இருந்திருக்கிறது. எழுதிவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று அங்கே சிலர் நம்புகிறார்கள். எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்று அண்ணனைக் கேட்டால் சொல்வார்.

கடைசி நாள் அம்மாவைப் புதைத்த மேட்டுக்குப் போனோம். கல் இல்லை, ஒரு வாதுமடக்கி மரம்தான் அடையாளம். பெரியம்மா அங்கே அழவில்லை. பையில் இருந்து நீலகிரித் தேயிலைப் பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிடி தூவினாங்க. "நானும் இதத்தான் கிள்ளினேன், நீயும் இதத்தான் கிள்ளினே. இதுக்கு எதுக்குடி நம்மளப் பிரிச்சானுங்க" என்றாங்க. பிறகு பென்சன்காரத் தாத்தா ஒரு தாளில் எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்துக் கொடுத்தார். இன்ன குடும்பம், இன்ன லயம், இன்ன சாதி, எனக்குத் தெரியும் என்று.

அந்தத் தாளை ஆபீசில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லையாம். 2019இல் அண்ணன் போன் பண்ணிச் சொன்னார். ஆனால் விசாரணைக்கு ஒரு ஆளை அனுப்பியிருக்கிறார்கள். வந்தவர் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. மேல் தெருக் கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறார். கடைக்காரரும் சிலோனில் இருந்து கப்பலில் வந்தவர்தான், வேறு சாதி. கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாராம்: "அவனுங்களா? அவனுங்க பறையனுங்கதானே." அதை எழுதிக்கொண்டு போனார். சான்றிதழ் வந்துவிட்டது.

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. எங்களை ஒதுக்குகிறவனின் வாய்ச்சொல் சாட்சி. எங்களோடு ஒரே லயத்தில் கிடந்து செத்துச் சுண்ணாம்பான கிழவனின் கைநாட்டு சாட்சியில்லை.

2023இல் மலையக மக்கள் வந்த இருநூறு வருசத்தை நினைத்து, ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளைவரை ஒரு நடைப்பயணம் நடந்தது. நானும் இரண்டு நாள் நடந்தேன். காணி, வீடு, சம்பளம் என்று நிறையப் பேசினோம், பேச வேண்டியதுதான். கூட நடந்தவர்களிடம் நான் ஒன்று மட்டும் கேட்டேன்: உங்கள் தாத்தா எந்த லயத்தில் இருந்தார்? சிலர் சொன்னார்கள். சிலர் பேச்சை மாற்றினார்கள்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இந்தியாவுக்குப் போன நம் குடும்பங்களின் பேர், போன வருசம், தோட்டம், லயம், சாதி, தெரிந்தால் பூர்வீக ஊர். வயசானவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நாற்பத்தொரு குடும்பம் ஆகியிருக்கிறது. அந்தப் பென்சன்காரத் தாத்தா சொன்னது மட்டும் பதினாறு. அவர் 2021இல் இறந்துபோனார். நீலகிரியிலும், கொடைக்கானல் பக்கமும், வன்னியிலும் இருக்கிற தோழர்கள் அவரவர் பக்கத்தில் இதைச் செய்யுங்கள். கிழவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள். கைநாட்டு வாங்குங்கள். ஆபீஸ் அதை ஏற்றுக்கொள்ளாவிட்டால் போகட்டும், நம்ம பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு நம்ம ஆள் சொன்ன பதில் நம்ம கையில் இருக்கட்டும்.